‘ஐ அக்ரீ’ கட்டத்தில் டிக் செய்ய வேண்டியது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஒரு வழக்கம் தானாகவே வந்துவிடும். வீட்டில் யாருக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியுமோ, அவரே எல்லாருக்கும் எழுத்தர் ஆகிவிடுவார். ரயில் டிக்கெட், கரண்ட் பில், காஸ் புக்கிங், பென்ஷன் என எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. எந்தத் தளத்திற்குச் சென்றாலும் கடைசியில் ‘ஐ அக்ரீ’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் ஒரு டிக். அவ்வளவுதான். அந்தக் கட்டத்திற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்ததே இல்லை. உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் சென்ற ஆண்டு நான் செய்த ஒரு டிக், என் அம்மாவின் உடம்பைப் பற்றியது. அந்த அனுபவத்தை இங்கு தருகிறேன். கம்ப்யூட்டர் வழியே டாக்டரைப் பார்க்க நினைக்கும் ஒவ்வொரு வீட்டிற்கும் இது பயன்படும்.

ஏழு நிமிட ஆலோசனை

அம்மாவுக்கு வயது 68. பல ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் கிளினிக்கோ மாடியில் இருக்கிறது. எனவே, லேப்டாப் வாங்கிய புதிதில், காலில் வந்த அரிப்பிற்காக ஒரு தனியார் தளத்தின் மூலம் வீடியோவில் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன்.

பெயரும் வயதும் அம்மாவுடையவை. மொபைல் எண்ணும் இமெயில் முகவரியும் என்னுடையவை. கீழே நான்கு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக டிக் செய்ய வேண்டாம் என்று ‘செலக்ட் ஆல்’ பட்டனும் வைத்திருந்தார்கள். அதை அழுத்தினேன். பணம் கட்டினேன். டாக்டர் திரையில் வந்தார்.

அம்மா நாற்காலியில். பின்னால் நான். காபி கொடுக்க வந்த மனைவியும் அங்கேயே நின்றாள். பையன் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தான். டாக்டர் நல்லவர். காலைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், “வேறு ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?” என்று கேட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, “ஒண்ணுமில்ல டாக்டர்” என்றார். ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எவ்வளவு சுலபம் என்று எனக்குப் பெருமை.

அன்று மாலையே ஒரு மருந்துப் பார்சல் வாசலுக்கு வந்தது. நாங்கள் ஆர்டர் கொடுக்கவில்லை. மருந்துச் சீட்டு நேராக ஒரு மருந்தகத்திற்குப் போயிருக்கிறது. “நம்ம தெருமுனைக் கடையில ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கிப் பாத்திருக்கலாமேடா” என்றார் அம்மா. மூன்றாம் நாள் முதல் போன் அழைப்புகள் தொடங்கின. சர்க்கரைப் பரிசோதனைக்குச் சலுகை விலை, இன்சூரன்ஸ் என்று தினம் ஒன்று. ஒரு நாள் என் போனை அம்மாவே எடுத்தார். “உங்களுக்கு சுகர் இருக்கில்ல மேடம்” என்று ஒரு பெண் பேச, அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“எனக்குச் சக்கரை இருக்கறது நம்ம சொந்தக்காரங்க பாதிப் பேருக்கே தெரியாது. இந்தப் பொண்ணுக்கு யாருடா சொன்னது?”

நான்தான் சொன்னேன். அந்த நான்கு கட்டங்களில் ஒன்று, தகவல்களை அவர்களுடைய ‘பார்ட்னர்’ நிறுவனங்களுக்குத் தரலாம் என்பது. இன்னொன்று, மருந்துச் சீட்டை நேராக மருந்தகத்திற்கு அனுப்பலாம் என்பது. இரண்டிற்கும் அம்மாவைக் கேட்காமல் நான் சம்மதம் தந்திருந்தேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நம் நாட்டில் விதி என்ன?

தொலைவில் இருந்து மருத்துவம் பார்ப்பது இந்தியாவிற்குப் புதிதல்ல. ஆந்திராவில் உள்ள அரகொண்டா என்ற கிராமத்தில் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் இதற்கான மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்போது இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் அதைத் தொடங்கி வைத்தார். பின்னர் இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள் மூலமும் மருத்துவமனைகள் இணைக்கப்பட்டன. ஆனால் டாக்டரும் நோயாளியும் இப்படிப் பார்த்துக்கொள்வதற்கான தெளிவான விதிமுறைகள் 2020 மார்ச் 25 அன்றுதான் வந்தன. கொரோனா ஊரடங்கின் முதல் நாள் அது. ‘டெலிமெடிசின் பிராக்டிஸ் கைட்லைன்ஸ்’ என்ற பெயரில் வந்த இவை, டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளுடன் இணைக்கப்பட்டன. 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. எனவே 2020 விதிமுறைகளே தொடர்ந்தன.

இவற்றில் சம்மதம் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதுதான் என்னை உட்கார வைத்தது. நோயாளியே டாக்டரைத் தொடர்பு கொண்டால், அவர் சம்மதித்துவிட்டார் என்றே பொருள். தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சுகாதாரப் பணியாளரோ, டாக்டரோ, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரோ தொடர்பைத் தொடங்கினால், நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். அதற்குப் பத்திரம் எதுவும் தேவையில்லை. இமெயில், எஸ்.எம்.எஸ்., ஆடியோ, வீடியோ என எந்த வகையிலும் தரலாம். “இந்த முறையில் ஆலோசனை பெற எனக்குச் சம்மதம்” என்று வீடியோவில் டாக்டரிடம் வாயால் சொன்னாலும் போதும். டாக்டர் அதைத் தன் பதிவில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் தொடங்கியவன் நான். ஆனால் அம்மாவின் பெயரில் பதிவு செய்ததால், அம்மாவே தொடங்கியதாகத் தளம் எடுத்துக்கொண்டது. டாக்டருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க விடாமல் செய்தது என்னுடைய டிக்!

மகன் என்றால் போதாதா?

“அம்மாவுக்குப் பதில் மகன் சம்மதித்தால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இதற்கு விடை 2008-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. டெல்லியில் ஒரு பெண், உள்ளே என்ன கோளாறு என்று கண்டறியும் சோதனைக்குச் சம்மதம் தந்தார். மயக்க நிலையில் இருந்தபோது, அவருடைய தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டு கருப்பையை அகற்றிவிட்டார்கள். பெற்ற தாய்தான். ஆனாலும் அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நோயாளி சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடிய வயது வந்தவர். அவசரம் இல்லாத நிலையில், மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். சோதனைக்குத் தந்த சம்மதம், சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்றும் கூறியது.

அறுவை சிகிச்சைக்கும் ஒரு டிக்கிற்கும் வெகு தூரம். ஆனால் அடிப்படை ஒன்றுதான். உடம்பு யாருடையதோ, சம்மதமும் அவருடையது. ஒன்றிற்குத் தந்த சம்மதம் இன்னொன்றிற்கு ஆகாது. ‘செலக்ட் ஆல்’ என்ற பட்டன் இதற்கு நேர் எதிரானது.

குழந்தைகளுக்கும், நினைவு தடுமாறிய முதியவர்களுக்கும் விதி வேறு. மைனர்கள், பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் மட்டுமே ஆலோசனை பெறலாம். அந்தப் பெரியவர் யார் என்பதை டாக்டர் உறுதி செய்துகொள்ள வேண்டும். பேச இயலாத முதியவருக்காகக் குடும்பத்தினர் பேசலாம். அதற்கு முறையான அதிகாரமோ, உறவைக் காட்டும் ஆவணமோ இருக்க வேண்டும். அல்லது முன்பு நேரில் பார்த்தபோது நோயாளியே அவரை டாக்டரிடம் காட்டிச் சம்மதித்திருக்க வேண்டும்.

நோயாளிக்கு உள்ள உரிமைகள்

2020 விதிமுறைகளில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமானவை:

* டாக்டரின் பெயர், தகுதி, பதிவு எண் ஆகியவை உங்களுக்குத் தெரிய வேண்டும். மருந்துச் சீட்டிலும் கட்டண ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். நீங்களும் பெயரை மறைத்து ஆலோசனை பெற முடியாது.

* பேசிக் கொண்டிருக்கும்போதே, எந்தக் கட்டத்திலும் “போதும்” என்று நிறுத்த நோயாளிக்கு உரிமை உண்டு. டாக்டருக்கும் உண்டு.

* “நேரில் வந்து காட்டுகிறேன்” என்று நோயாளி விரும்பிக் கேட்டும், கம்ப்யூட்டர் வழியாகத்தான் பார்ப்பேன் என்று டாக்டர் வற்புறுத்தக் கூடாது. அது நடத்தை விதி மீறல்.

* நோயாளியின் படங்களையும் தகவல்களையும் தவறாகப் பயன்படுத்துவதும் விதி மீறல்தான்.

* மருந்துச் சீட்டை டாக்டர் நேராக மருந்தகத்திற்கு அனுப்ப வேண்டுமானால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம்.

* எல்லா மருந்துகளையும் இப்படி எழுத முடியாது. அதே நோய்க்காக அதே டாக்டரை ஆறு மாதத்திற்குள் நேரில் பார்த்திருந்தால்தான் அது தொடர் ஆலோசனை. இல்லையேல் முதல் ஆலோசனை; எழுதக் கூடிய மருந்துகளும் குறைவு. போதை தரும் மருந்துகளும், ஷெட்யூல் எக்ஸ் என்ற பட்டியலில் உள்ளவையும் எந்த நிலையிலும் கூடாது.

* டாக்டர் போலவே உரையாடும் செயற்கை நுண்ணறிவு புரோகிராம்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. இவை டாக்டருக்கு உதவலாம். தாமாகவே நோயாளிக்கு ஆலோசனை தரவோ, மருந்து எழுதவோ விதிமுறைகள் அனுமதிக்கவில்லை.

இவை தவிர, 2002 விதிகளின்படி நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நமக்குத் துணை. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. சம்மதம் என்பது எதற்காக என்று குறிப்பிட்டு, தெரிந்து, தடையின்றித் தரப்பட வேண்டும் என்கிறது இச்சட்டம். சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி வேண்டும். அதில் நம் தமிழும் உண்டு.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இனி நம் வேலைக்கு வருவோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முதல் நாளே கீழே உள்ளவற்றைச் செய்துவிடுங்கள்.

1. நோயாளியின் பெயரில் தனி இமெயில் முகவரி ஒன்று உருவாக்குங்கள். மொபைல் எண்ணும் அவருடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பல பேர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால், பாஸ்வேர்டை சேவ் செய்யவா என்று பிரவுசர் கேட்கும்போது ‘நெவர்’ என்பதைக் கிளிக் செய்திடவும்.

2. டாக்டரின் பதிவு எண்ணைச் சரி பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணைய தளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு உள்ளது. அங்கு டாக்டரின் பெயர் அல்லது பதிவு எண் கொடுத்துத் தேடலாம்.

3. சம்மதப் பக்கம் நீளமாக இருக்கிறதா? கண்ட்ரோல் கீயுடன் எப் அழுத்தவும். ஒரு சிறிய தேடல் கட்டம் கிடைக்கும். அதில் ஷேர், பார்ட்னர், தேர்ட் பார்ட்டி, ரெக்கார்ட், வித்ட்ரா ஆகிய சொற்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். அந்தச் சொற்கள் வரும் பத்திகளை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். குரோம் பிரவுசரின் மெனுவில் டிரான்ஸ்லேட் வசதி உள்ளது. அதன் மூலம் தமிழில் பெறலாம். மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும். ஆனாலும் விஷயம் புரியும்.

4. படித்ததை நோயாளிக்கு அவருடைய மொழியில் சொல்லுங்கள். பின்னர் தேவையான கட்டத்தில் மட்டும் அவரே டிக் செய்யட்டும். தகவல்களைப் பிறருக்குத் தரவும் விளம்பரம் அனுப்பவும் சம்மதம் தராவிட்டால் டாக்டரையே பார்க்க முடியாது என்றால், அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

5. டிக் செய்யும் முன் கண்ட்ரோல் + பி அழுத்தவும். பிரிண்ட் விண்டோவில் பிரிண்டரின் பெயருக்குப் பதிலாக ‘சேவ் ஆஸ் பி.டி.எப்.’ என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடுங்கள். எதற்குச் சம்மதித்தோம் என்பதற்கு நாளை இதுதான் சாட்சி.

6. காமிராவையும் மைக்கையும் பயன்படுத்த பிரவுசர் அனுமதி கேட்கும். தரத்தான் வேண்டும். வேலை முடிந்ததும், அட்ரஸ் பாரில் முகவரிக்கு இடது பக்கம் உள்ள சிறிய ஐகானைக் கிளிக் செய்து அனுமதியை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் 11-இல், விண்டோஸ் கீ + ஐ அழுத்தி, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பிரிவில் ‘காமிரா’ சென்றால், எந்த எந்த புரோகிராம்கள் காமிராவைப் பயன்படுத்த முடியும் என்று பார்க்கலாம்.

7. பேச்சு தொடங்கியதும் நோயாளி மூன்று கேள்விகள் கேட்கட்டும். இது ரெக்கார்ட் செய்யப்படுகிறதா? டாக்டர் பக்கம் வேறு யாராவது இருக்கிறார்களா? மருந்துச் சீட்டு யாருக்குப் போகிறது? கேட்பதில் தவறே இல்லை.

8. மருந்துச் சீட்டு, ரசீது, சம்மதப் பக்கம் மூன்றையும் ஒரே போல்டரில் வையுங்கள். பைலின் பெயரில் தேதி இருந்தால் தேடுவது எளிது. பிரவுசிங் சென்டரில் பார்த்திருந்தால், டவுன்லோட்ஸ் போல்டரில் உள்ள பைல்களை நீக்கி, லாக் அவுட் செய்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

புகார் இருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறை தீர்க்கும் பிரிவிற்கு எழுத்தில் அனுப்புங்கள். டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் மாநில மருத்துவ கவுன்சில் இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவ சேவை, நுகர்வோர் சட்டத்திற்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணமின்றியும் டாக்டரைப் பார்க்கலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் போன்ற அவசரங்களுக்கு லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இரண்டாவது முறை

நான் அந்தத் தளத்திற்கு எழுதி, சம்மதத்தைத் திரும்பப் பெற்றேன். இரண்டு மெயில்கள் அனுப்ப வேண்டியிருந்தது. போன் அழைப்புகள் குறைந்தன. முழுமையாக நின்றுவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை வெளியே போன தகவலை முழுதும் திரும்பப் பெறுவது கடினம். அதனால்தான் அந்த டிக் இவ்வளவு முக்கியம்.

இரண்டு மாதம் கழித்து, வேறு ஒரு தளத்தில் அம்மா மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. இம்முறை சம்மதப் பக்கத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கேள்விகள் கேட்டார். பின்னர் மவுஸைப் பிடித்து, அம்புக்குறியை இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை அவரே டிக் செய்தார். பக்கத்தில் இருந்த விளம்பரக் கட்டத்தை, “இது வேண்டாம்” என்று விட்டுவிட்டார்.

டாக்டர் திரையில் வந்ததும் அம்மா என்னைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் வெளியில இருடா” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிடம் இருபது நிமிடமாயிற்று. வெளியே வந்த அம்மா, “நேர்ல ஒரு லேடி டாக்டரைப் பாக்கச் சொல்றாங்க. நாளைக்கு உன் பொண்டாட்டிய என்கூட அனுப்பு” என்றார். போனார்கள். மருந்து கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

என்ன தொந்தரவு என்று எனக்குத் தெரியாது. எத்தனை மாதமாக அதை மறைத்து வைத்திருந்தார் என்றும் தெரியாது. மருந்துச் சீட்டு எங்கள் லேப்டாப்பில்தான் இருக்கிறது, அம்மாவின் பெயரில் உள்ள யூசர் அக்கவுண்ட்டில். பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரியும். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான். ஆனாலும் அந்தப் பாஸ்வேர்டை நான் கேட்கவில்லை.